தைரொயிட் சத்திரசிகிச்சையில் பராதைரொயிட்டைக் காட்டும் ஒளி: தியேட்டர் மேசையிலிருந்து வீடு வரை

தம்பலகாமத்து அம்மா ஒருவருக்குத் தைரொயிட் முழுவதையும் எடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். மூன்றாம் நாள் இரவு மகனுடைய முச்சக்கரவண்டியில் திரும்பி வந்தார். நான் அப்போது சத்திரசிகிச்சை வார்டுக்குப் புதுசு. "பிள்ளை, வாயைச் சுத்தி எறும்பு ஊருற மாதிரிக் கிடக்கு. விரலை நிமிர்த்த ஏலாது" என்றார். பிரஷர் பார்க்கும் பட்டியைக் கையில் சுற்றி இறுக்கியதும் விரல்கள் கூம்பிக்கொண்டன. 10 வீதக் கல்சியம் குளுக்கோனேற்று 10 மில்லிலீற்றரை, இதயத் துடிப்பைத் திரையில் பார்த்தபடி, 10 நிமிடம் எடுத்து மெல்ல மெல்ல ஏற்றினோம். ஊசி முடிவதற்குள் கை விரிந்தது. சில நாளில் ஆய்வுகூட அறிக்கை வந்தது: எடுத்த தைரொயிட்டோடு, இரத்தத்தில் கல்சியத்தைச் சரியான அளவில் வைத்திருக்கும் பராதைரொயிட் சுரப்பிகளில் இரண்டும் போயிருந்தன.

எந்த வைத்தியசாலை என்பது முக்கியமில்லை. இது எந்தக் கெட்டிக்காரக் கைக்கும் நடக்கக்கூடியது. அது நடக்காமல் இருக்க இப்போது ஒளியைப் பயன்படுத்தும் ஒரு வழி இருக்கிறது. தியேட்டரில் உதவிக்கு நிற்கும் இளம் வைத்தியர்களையும் தாதியரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் திருகோணமலையிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ சென்னைக்கோ இந்தச் சத்திரசிகிச்சைக்காகப் போகிறவர்களும், அவர்களோடு துணைக்குப் போகிறவர்களும் வாசிக்கலாம். விளங்காத இடங்களைத் தாண்டிப் போங்கள், கடைசிப் பகுதி பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

தேடுகிற பொருள்

பராதைரொயிட் பெரும்பாலும் நாலு. தைரொயிட்டின் முதுகுப் பக்கத்தில், வலப்புறம் இரண்டு, இடப்புறம் இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு பருப்பு மணி அளவு. நிறை 30 முதல் 50 மில்லிகிராம். நிறம் மண்ணிறம் கலந்த மஞ்சள். பக்கத்தில் இருக்கும் கொழுப்பும் மஞ்சள், சின்ன நிணநீர்க் கணுவும் அதே பருமன். எனவே கண்ணுக்கு முன்னாலேயே இருந்தும் தெரியாமல் போகும். மனிதனுக்கு இப்படி ஒரு சுரப்பி இருப்பது தெரியவரும் முன்பே காண்டாமிருகத்தில் அதைப் பார்த்துவிட்டார்கள்: லண்டன் மிருகக்காட்சிசாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் அவர். மனிதரில் இருப்பதை 1880இல் எழுதியவர் சுவீடனின் உப்சாலாவைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். அவ்வளவு பெரிய மிருகத்தில் முதலில் தெரிந்ததே, மனிதக் கழுத்தில் இது எவ்வளவு ஒளிந்து கிடக்கிறது என்பதற்குச் சாட்சி.

மேல் சுரப்பிகள் ஓரளவு சொன்ன இடத்தில் இருக்கும்: குரல் நரம்பும் கீழ்த் தைரொயிட் நாடியும் குறுக்கிடும் இடத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்றிமீற்றர் மேலே, நரம்புக்குப் பின்னால். கீழ் சுரப்பிகள் கருவில் தைமசோடு (நெஞ்சின் மேற்பகுதியில் இருக்கும் இன்னொரு சுரப்பி) சேர்ந்து இறங்கி வருபவை. வழியில் எங்கேயும் நின்றுவிடும். மேலது உப்புவெளியில் வீடு என்றால் உப்புவெளியிலேயே இருக்கிற ஆள். கீழது நிலாவெளியிலும் இருக்கலாம், வெருகலிலும் இருக்கலாம்.

இரண்டு கேள்வி, இரண்டு ஒளி

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். "சுரப்பி எங்கே?" என்பது ஒரு கேள்வி. "அதற்கு இரத்தம் ஓடுகிறதா?" என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் இரண்டு ஒளி. ஒன்றின் பதிலை மற்றதற்குப் பதிலாக எடுத்துக்கொள்வதில்தான் பிழை பிறக்கிறது.

முதலாவது தன்னொளிர்வு. கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ் ஒளியை (அகச்சிவப்பு என்றும் சொல்வார்கள்) ஏறத்தாழ 785 நனோமீற்றர் அலைநீளத்தில் கழுத்துக்குள் பாய்ச்சினால், பராதைரொயிட் 820 நனோமீற்றர் அளவில் ஓர் ஒளியைத் திருப்பி விடுகிறது. மருந்து, சாயம் எதுவும் தேவையில்லை. தைரொயிட்டும் கொஞ்சம் ஒளிரும், ஆனால் பராதைரொயிட் அதைவிடப் பல மடங்கு. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா மகாதேவன்-ஜான்சனின் குழு இதைக் கண்டு 2011இல் வெளியிட்டது. 2018 நவம்பரில் அந்நாட்டில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எப்.டி.ஏ. இரண்டு கருவிகளுக்கு அனுமதி கொடுத்தது. ஒன்று படம் காட்டும் கமரா வகை, மற்றது திசுவைத் தொட்டுப் பார்த்து எண்ணும் ஒலியும் தரும் பேனா வகை. சுரப்பிக்குள் ஒளிர்கிற பொருள் எதுவென்று இன்னும் யாரும் அடித்துச் சொல்லவில்லை. வேடிக்கைதான், ஆனால் பயன்படுத்த அது தடையில்லை.

இரண்டாவது ஐ.சி.ஜி., அதாவது இண்டோசயனின் கிரீன் என்ற பச்சைச் சாயம். நாளத்தில் ஏற்றினால் இரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போய் ஒளிரும். கண் வைத்தியரும் ஈரல் வைத்தியரும் பல்லாண்டாகக் கையாளும் சாயம். சுரப்பி இருக்கும் இடத்தைத் தேட இது அவ்வளவு உதவாது. ஏனென்றால் இரத்தம் நிறைந்த தைரொயிட்டும் கூடவே ஒளிரும். இதன் வேலை இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்வது.

படி 1: கத்திக்கு முன்னால்

இரத்தத்தில் கல்சியம், விற்றமின் டி, பி.ரி.எச். (பராதைரொயிட் சுரக்கும் ஹோர்மோன்) மூன்றையும் பார்த்துவிட வேண்டும். விற்றமின் டி குறைவாக இருப்பவருக்குச் சுரப்பி நாலும் நன்றாக இருந்தாலும் கல்சியம் விழலாம். முன்பே குளிசை கொடுத்து ஏற்றிவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். குரல்நாண் அசைகிறதா என்பதும் இதே நாளில் பார்க்க வேண்டியது.

சிறுநீரக நோயில் பெருத்துப்போன பராதைரொயிட்டுகள் மங்கலாகவும் திட்டுத்திட்டாகவும் ஒளிரும். அப்படிப்பட்டவரில் கமரா காட்டவில்லை என்பதால் சுரப்பி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

ஐ.சி.ஜி. குப்பியில் சோடியம் அயடைட்டும் இருக்கிறது. எனவே அயடைட் ஒவ்வாமை உண்டா என்று கேட்க வேண்டும். நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வருகிற பதில் பெரும்பாலும் "இறால் ஒத்துவராது, நண்டு ஒத்துவராது" என்பதுதான். இறால் ஒவ்வாமை அதன் புரதத்தால் வருவது, அயடீனால் அல்ல. எழுதிவைக்கலாம், அதை மட்டும் வைத்துச் சாயத்தை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் முன்பு ஸ்கான் எடுக்கச் சாயம் ஏற்றியபோது உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் அதை மயக்க மருந்து வைத்தியர் காதில் போட்டே ஆக வேண்டும்.

படி 2: தியேட்டரை ஆயத்தம் செய்தல்

கமராவுக்குக் கிருமியகற்றிய உறை போட்டு, திரையைச் சத்திரசிகிச்சை செய்பவரின் கண்ணுக்கு நேரே வையுங்கள். பக்கவாட்டில் வைத்தால் ஒவ்வொரு முறையும் கழுத்தைத் திருப்ப வேண்டியிருக்கும், நாலாவது முறை யாரும் திருப்ப மாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். நிலா இல்லாத இரவில் வலை இழுக்கும்போது தண்ணீர் மினுங்குவதைக் கடற்கரைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நிலாக் காலத்தில் அது தெரியாது. கமரா வகைக்கும் அதே கணக்குத்தான். மேசைக்கு மேலிருக்கும் பெரிய விளக்கை அணைக்க வேண்டும் அல்லது திருப்ப வேண்டும், தலையில் கட்டிய விளக்கையும் அணைக்க வேண்டும். விளக்குக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, "லைட்" என்று சொன்னால் அணைப்பது, திரும்பச் சொன்னால் போடுவது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இருட்டில் ஒருவரும் கத்தியோ சூட்டுக்கருவியோ அசைக்கக் கூடாது. பேனா வகைக்கு விளக்கை அணைக்கத் தேவையில்லை. ஆனால் அது தொட்ட இடத்தை மட்டும்தான் சொல்லும்.

ஐ.சி.ஜி. குப்பியை எடுத்து வையுங்கள், இப்போதைக்கு ஏற்றாதீர்கள். சாயமும் ஏறத்தாழ அதே அலைநீளத்தில், பன்மடங்கு பலமாக ஒளிர்வதால், ஒருமுறை ஏற்றிவிட்டால் தன்னொளிர்வு அதற்குள் அமுங்கிப் போகும். முதலில் தன்னொளிர்வு, கடைசியில் சாயம். இந்த ஒழுங்கு மாறக் கூடாது.

படி 3: முதல் பார்வை

தோலை விலக்கி, முன் தசைகளைப் பிரித்து, நடுத் தைரொயிட் நாளத்தைக் கட்டி வெட்டி, தைரொயிட்டின் அந்தப் பக்க மடலை நடுப்பக்கமாகத் திருப்பியதும் நிறுத்துங்கள். சுரப்பிக்குப் பக்கத்தில் இன்னும் கை வைக்கவில்லை. இரத்தத்தைச் சேலைனால் கழுவித் துடையுங்கள். இரத்தப் படலம் ஒளியை விழுங்கிவிடும்.

இப்போது வெறுங்கண்ணால் பாருங்கள். எங்கே இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு விளக்கை அணைத்துக் கமராவைப் பிடியுங்கள். இந்த ஒழுங்கில் நான் பிடிவாதம். முதலிலேயே திரையைப் பார்த்துப் பழகிய கண், கமரா இல்லாத நாளில் ஒன்றையும் காணாது. நம் பக்கத்தில் கமரா இல்லாத நாள்தான் அதிகம்.

திரையில் தைரொயிட் மங்கிய சாம்பலாகவும், பராதைரொயிட் ஓரம் தெளிந்த வெள்ளைப் பொட்டாகவும் தெரியும். ஒளி ஊடுருவுவது சில மில்லிமீற்றர்தான். கொழுப்புக்குள் புதைந்தது தெரியாது, மடலுக்குப் பின்னால் மறைந்ததும் தெரியாது. ஆகவே மடலைத் திருப்பும் கோணத்தை மாற்றி மாற்றி, மேல், கீழ், தைமஸ் நுனி என்று மூன்று இடத்தையாவது பாருங்கள். வெள்ளையாகத் தெரிவதெல்லாம் பராதைரொயிட்டும் அல்ல. கொலொயிட் (தைரொயிட்டுக்குள் இருக்கும் பசை போன்ற பொருள்) நிறைந்த சின்னக் கட்டி, பழுப்புக் கொழுப்பு, சில வேளை நிணநீர்க் கணுவும் ஒளிர்ந்து ஏமாற்றும். இடம், வடிவம், நிறம், ஒளிர்வு நாலும் ஒத்துப்போனால் நம்பலாம்.

படி 4: சுரப்பியைத் தைரொயிட்டிலிருந்து இறக்குதல்

பராதைரொயிட்டுக்குப் போகும் நாடி நூல் மாதிரி மெல்லியது. பெரும்பாலும் கீழ்த் தைரொயிட் நாடியின் கிளை. அந்த நாடியின் அடிமரத்தைக் கட்டினால் வேலை சுலபம், சுரப்பிக்குச் சாவு. தைரொயிட் உறையை ஒட்டியே போய், உள்ளே நுழையும் கடைசிக் கிளைகளை ஒவ்வொன்றாகக் கட்டி, சுரப்பியைச் சுற்றியுள்ள கொழுப்போடு சேர்த்துப் பின்பக்கமாகத் தள்ளி இறக்க வேண்டும். மெதுவான வேலை. சூட்டால் மூடும் கருவிகளின் வெப்பம் நுனியோடு நிற்காது, பக்கத்துக்கும் பரவும். சுரப்பிக்குக் கிட்டே நூலோ சின்னக் கிளிப்போ நல்லது.

இடையில் ஓரிரு தடவை விளக்கை அணைத்துப் பாருங்கள், சுரப்பி மடலோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறதா என்று.

படி 5: எடுத்த தைரொயிட்டைத் தட்டிலேயே பார்த்தல்

கமராவின் செலவுக்கு மிக அதிகமாகப் பலன் தருவது இந்தப் படிதான் என்பது என் அபிப்பிராயம். ஒரு நிமிடம் கூட ஆகாது. எடுத்த மடலை ஆய்வுகூடப் போத்தலில் போடுவதற்கு முன், தட்டில் வைத்து முன்னும் பின்னும் திருப்பிக் கமராவால் பாருங்கள். இரத்த ஓட்டம் நின்ற சுரப்பியும் தொடர்ந்து ஒளிரும் என்பதால், ஒட்டிக்கொண்டு வந்தது இங்கே தெரிந்துவிடும். அந்தத் தம்பலகாமத்து அம்மாவின் இரண்டு சுரப்பிகளையும் இந்த ஒரு நிமிடம் மீட்டிருக்கும்.

இதே குணம்தான் கமராவின் பெரிய பொறியும். செத்த சுரப்பியும் ஒளிர்கிறது. கழுத்துக்குள் நாலும் பிரகாசமாகத் தெரிந்தன என்று திருப்தியோடு தையல் போட்டு, மறுநாள் கல்சியம் விழுந்து நிற்பவர்கள் இதனால்தான்.

படி 6: இரத்தம் ஓடுகிறதா

ஐ.சி.ஜி.க்கான முறை இது. 25 மில்லிகிராம் குப்பியை 10 மில்லிலீற்றர் கிருமியகற்றிய நீரில் கரையுங்கள். சேலைனில் அல்ல, நீரில். கரைத்ததை 6 மணித்தியாலத்துக்குள் பாவித்துவிட வேண்டும். அதில் 2 அல்லது 3 மில்லிலீற்றரை, அதாவது 5 முதல் 7.5 மில்லிகிராமை, நாளத்தில் வேகமாக ஏற்றிச் சேலைனால் தள்ளிவிடச் சொல்லுங்கள். மயக்க மருந்து வைத்தியருக்கு முன்பே சொல்லிவையுங்கள்: விரலில் மாட்டிய ஒட்சிசன் அளவி சற்று நேரம் பொய்யாகக் குறைத்துக் காட்டலாம்.

ஓரிரு நிமிடத்துக்குள் படம் வரும். வெள்ளையாக நிறைந்தால் 2 புள்ளி, சாம்பலாகத் தெரிந்தால் 1, கறுப்பாகவே கிடந்தால் 0. ஜெனீவாக் குழுவொன்று 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சுரப்பியாவது நன்றாக வெளுத்தவர்களுக்குப் பராதைரொயிட் குறைவு வரவில்லை. பிறகு வந்த எல்லா ஆய்வும் அவ்வளவு சுத்தமாக ஒத்துப்போகவில்லை. எனவே படம் நன்றாக இருந்தாலும் நான் இரத்தப் பரிசோதனையை விடமாட்டேன். சாயத்தை ஈரல் சில நிமிடத்திலேயே இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வதால், தேவைப்பட்டால் இன்னொரு தடவை ஏற்றலாம்.

பித்தப்பைக்குப் பாவிக்கும் சில லப்பரஸ்கோப்பிக் (சின்னத் துளை வழியாக உள்ளே பார்க்கும்) கமராக்களில் ஐ.சி.ஜி. பார்க்கும் வசதி ஏற்கெனவே இருக்கும். அவற்றை இந்தப் படிக்குப் பயன்படுத்தலாம். தன்னொளிர்வு மிக மெல்லியது, அதைப் பிடிக்க அவை எல்லாவற்றாலும் முடியாது.

படி 7: கறுத்த சுரப்பியை நடுதல்

0 புள்ளி பெற்றதும் தட்டில் கிடைத்ததும் இங்கே வரும். குளிர்ந்த சேலைனில் போடுங்கள். பராதைரொயிட் தாழும், கொழுப்பு மிதக்கும். கமரா வருவதற்கு வெகு முன்பிருந்தே இருக்கும் சோதனை இது. புற்றுநோய்க்கான சத்திரசிகிச்சை என்றால் சின்னத் துணுக்கு ஒன்றை உடனடிப் பரிசோதனைக்கு அனுப்பி, நடுவது கணு அல்ல என்று உறுதி செய்ய வேண்டும். மிச்சத்தை ஒரு மில்லிமீற்றர் துண்டுகளாக அரிந்து, கழுத்தின் பக்கத் தசைக்குள் சின்னப் பைகள் செய்து வைத்து, கரையாத நூலால் அடையாளம் போடுங்கள். இரத்தம் கசியும் பைக்குள் வைத்தால் பிடிக்காது. வேர் பிடித்துச் சுரக்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை குளிசைதான் துணை.

இவ்வளவுக்கும் பலன் இருக்கிறதா

இருக்கிறது, அளவோடு. பிரான்சில் 241 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்து 2020இல் வெளியான ஆய்வில், தன்னொளிர்வு பார்த்தவர்களில் 9.1 வீதத்தினருக்குத் தற்காலிகக் கல்சியக் குறைவு வந்தது, பார்க்காதவர்களில் 21.7 வீதம். தெரியாமல் சுரப்பியை எடுத்துவிடுவது 11.7 வீதத்திலிருந்து 2.5 வீதமாகக் குறைந்தது. ஆனால் நிரந்தரக் குறைவில் அந்த ஆய்வால் உறுதியான வித்தியாசம் காட்ட முடியவில்லை. நோயாளி உண்மையில் பயப்படுவது அந்த நிரந்தரக் குறைவுக்குத்தான். "கமரா இருந்தால் பிரச்சினை வராது" என்று யாராவது சொன்னால், அவர் கமரா விற்பவராக இருக்கலாம்.

சத்திரசிகிச்சைக்குப் போகிறவர்கள் கேட்க வேண்டியது "கமரா இருக்கிறதா?" என்பதல்ல. "இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்கிறீர்களா? முடிந்த பிறகு பி.ரி.எச்., கல்சியம் எப்போது பார்ப்பீர்கள்? வீட்டில் விரல் விறைத்தால் யாரைக் கூப்பிடுவது?" இந்த மூன்றுக்கும் தெளிவான பதில் கிடைத்தால் போதும். கமரா இருந்தால் இன்னும் நல்லது.

படி 8: வார்டிலும் வீட்டிலும்

பி.ரி.எச். இரத்தத்தில் சில நிமிடமே நிற்பது. அதனால் சுரப்பி நின்றுபோனால் அன்றே காட்டிக்கொடுக்கும். சத்திரசிகிச்சை முடிந்து நாலு மணித்தியாலத்தில் அல்லது மறுநாள் காலையில் அது மில்லிலீற்றருக்கு 15 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் அறிகுறி வருமுன்பே குளிசை தொடங்குவது நல்லது. கல்சியம் அப்படியில்லை. இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில்தான் அடிமட்டத்துக்குப் போகும். மறுநாள் பார்த்த கல்சியம் லீற்றருக்கு 2.1 முதல் 2.6 மில்லிமோல் என்ற சரியான அளவுக்குள் இருந்தது என்று நிம்மதியாக பஸ் ஏறியவர், கந்தளாய் தாண்டும்போது உதடு விறைத்து விழிப்பார்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: உதட்டைச் சுற்றி, விரல் நுனியில் ஊர்வது, கைகால் சதை பிடிப்பது, காரணமில்லாத படபடப்பு. குரல் இறுகினாலோ மூச்சு இழுத்தாலோ வலிப்பு வந்தாலோ கிளினிக் நாளைக்குக் காத்திராமல் அந்த நேரமே கிளம்ப வேண்டும்.

குளிசையில் நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. மகளுக்குக் கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுத்த கல்சியம் லக்ரேற்று மிச்சம் இருக்கும். "அதுவும் கல்சியம்தானே" என்று அதை எடுப்பார்கள். 300 மில்லிகிராம் லக்ரேற்றில் உள்ள உண்மையான கல்சியம் 40 மில்லிகிராம் அளவுதான். 1250 மில்லிகிராம் காபனேற்றுக் குளிசை ஒன்றில் 500 மில்லிகிராம். பன்னிரண்டு மடங்கு வித்தியாசம். எழுதித் தந்த குளிசையே வேண்டும், காபனேற்று என்றால் சாப்பாட்டோடு. எடுத்த தைரொயிட்டுக்குப் பதிலாகத் தரும் தைரொக்சினைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டு, கல்சியத்துக்கு நாலு மணித்தியால இடைவெளி விடுங்கள். சேர்த்துப் போட்டால் தைரொக்சின் உடம்பில் சேராது. கல்சியம் ஏறவே மாட்டேன் என்றால் மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, வைத்தியர்களுக்கு ஒரு எழுத்து வேலை. டயக்னோசிஸ் கார்டில் "முழுத் தைரொயிட் நீக்கம், சிக்கல் இல்லை" என்று ஒற்றை வரியோடு விடாதீர்கள். பாலங்கள் வந்த பிறகு மூதூரிலிருந்து திருகோணமலைக்கு வருவது சுலபம்தான், ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு விரல் மடங்கியவர் முதலில் போவது கிட்டே உள்ள மூதூர் ஆதார வைத்தியசாலைக்கு. அங்கே நிற்கும் வைத்தியர் உங்கள் திரையைப் பார்த்தவர் அல்ல. அவருக்காக இப்படி எழுதுங்கள்: "பராதைரொயிட் மூன்று காணப்பட்டது. வலம் மேல் 2 புள்ளி, இடம் மேல் 1 புள்ளி. வலம் கீழ் 0, வலக் கழுத்துத் தசையில் நடப்பட்டது, நீல நூல் அடையாளம். இடம் கீழ் காணப்படவில்லை. எடுத்த தைரொயிட் கமராவில் பார்க்கப்பட்டது, ஒட்டியது எதுவும் இல்லை. நாலாம் மணி பி.ரி.எச். 12. கல்சியம் மூன்றாம் நாள் பார்க்கவும்."